மேக்ரோ லென்ஸும் ஹோவர்ஃப்ளையும்: மூணு சீசன் அனுபவம்

நான் இருக்கிறது இங்கிலாந்துல. வீட்டுக்குப் பின்னாடி வேலி முழுக்க ஐவி கொடி, செப்டம்பர் கடைசில அது பூத்துட்டா தேனீ மாதிரியே ஒண்ணு கும்பலா வந்து மொய்க்கும், ஆனா தேனீ இல்ல, ஹோவர்ஃப்ளைங்கிற ஈ வகை, தேனீக்கு நாலு றெக்கை, இதுக்கு ரெண்டே றெக்கைதான். இதுங்க பேரைக் கண்டுபிடிக்கணும்னுதான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு 100 எம்எம் மேக்ரோ (சின்னதைக் கிட்டப் போய் பெருசா எடுக்கிற லென்ஸ்) வாங்கினேன்.

லென்ஸ்ல குறையே இல்ல. ஆனா முதல் வருஷம் எடுத்த படத்துல பாதிக்கு மேல பேர் வைக்க முடியல, ஏன்னா எல்லாமே மேல இருந்து எடுத்தது, முதுகும் வயித்துப் பட்டையும் பளிச்னு இருக்கு, அடையாளம் இருக்கிற காலும் மூஞ்சியும் இல்ல.

ஹோவர்ஃப்ளைல எரிஸ்டாலிஸ்ங்கிற பேரினத்தையே எடுத்துக்கோங்க. அதுல டெனாக்ஸ்ங்கிற இனம்னா கண்ணுல கருப்பு முடி மேலிருந்து கீழா பட்டை பட்டையா நிக்கும், பின்னங்காலும் தடிச்சு வளைஞ்சிருக்கும். பெர்டினாக்ஸுக்கு முன்கால் நடுக்கால் பாதம் மஞ்சள். ஆர்பஸ்டோரம்னா மூஞ்சி நடுவுல கருப்புப் பட்டை இருக்காது, வெளிறின முடி மூடியிருக்கும், ஆனா வயசாகி முடி தேஞ்சுட்டா கருப்பு லேசா எட்டிப் பாக்கும், அதுல நான் ரெண்டு தடவை தப்பா பேர் போட்டிருக்கேன்.

இப்பல்லாம் ஒரு பூச்சிக்கு மேல ஒண்ணு, சைடு ஒண்ணு, நேரா மூஞ்சிக்கு ஒண்ணுன்னு மூணு படம் கண்டிப்பா. காலைல வெயில் காய உக்காந்திருக்கும்போது போனா அசையாம இருக்கும். லென்ஸ் துவாரம் (அப்பர்ச்சர்) எஃப் 11, ஃப்ளாஷுக்கு முன்னாடி வெள்ளை டிஷ்யூ, இது போதும், புது கேமரா பாடிக்கெல்லாம் காசு கொட்டாதீங்க.

சிர்ஃபஸ்ங்கிற இன்னொரு ஹோவர்ஃப்ளை பேரினம் மட்டும் இன்னும் தண்ணி காட்டுது. பொண்ணுன்னா பரவால்ல (மேல இருந்து பாத்தா ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இடைவெளி இருக்கும்), பின்தொடை முழுக்க மஞ்சள்னா ரிபெசி, அந்தத் தொடைல உடம்பை ஒட்டின பக்கம் பெரும்பகுதி கருப்புன்னா விட்ரிபென்னிஸ், கண்ணுல முடி இருந்தா டார்வஸ். ஆணுக்கு ரிபெசி, விட்ரிபென்னிஸ் ரெண்டுக்குமே தொடை கருப்பு, றெக்கை உடம்போட சேர்ற இடத்துக்கிட்ட இருக்கிற ஒரு செல்லுல (நரம்புகளுக்கு நடுவுல இருக்கிற கட்டம்) நுண்முடி முழுசா மூடியிருக்கான்னு பாக்கணும், என் படத்துல அது தெரியறதே இல்ல. படத்தைப் போட்டா பேர் சொல்ற ஒரு ஆப் அப்பவும் அடிச்சு ஒரு பேர் சொல்லும். நம்பாதீங்க, நான் அந்த மாதிரி படத்துக்கு சிர்ஃபஸ்னு மட்டும் எழுதி வச்சுடறேன்.