மாமியார் சொத்தும் மூழ்காத பாட்டும்: ‘டிமென்ஷியா 13’

நள்ளிரவில் ஏரியில் துடுப்பு வலிக்கும்போது கணவன் மாரடைப்பில் சாகிறான். அவன் இறந்தது தெரிந்தால் மாமியாரின் உயிலில் மருமகளுக்குச் சல்லிக்காசு கிடையாது. மனைவி லூயிஸ் அழவில்லை. பிணத்தைத் தண்ணீரில் தள்ளிவிட்டு, அவசர வேலையாக நியூயார்க் போய்விட்டதாக அவன் பெயரில் கடிதம் தட்டச்சு செய்கிறாள். பிணத்தோடு மூழ்கும் டிரான்சிஸ்டர் ரேடியோ நீருக்கடியிலும் குழறிக்கொண்டே பாடுகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே படத்தின் மற்ற குறைகளை மன்னித்தேன்.

மன்னிக்க நிறைய இருக்கிறது. ரோஜர் கோர்மன் தயாரிப்பில், வேறொரு படத்தில் மிஞ்சிய பணத்தைக் கொண்டு அயர்லாந்தில் எடுத்து 1963இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். இயக்கம் பிரான்சிஸ் ஃபோர்டு கொப்போலா; அவருடைய ‘காட்ஃபாதர்’ வர இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன. பயம் போதவில்லை என்று கோர்மன் பிறகு இன்னொரு இயக்குநரான ஜாக் ஹில்லைக் கொண்டு காட்சிகளைச் சேர்த்தார். திருட்டு வேட்டைக்காரன் வெட்டுப்படும் இடத்தில் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரிகிறது.

லூயிஸாக வரும் லுவானா ஆண்டர்ஸின் கணக்குப் போடும் கண்கள்தான் படத்தின் உயிர். பாதியில் அவர் விலகியதும் கதை தள்ளாடுகிறது. டாக்டராக வரும் பேட்ரிக் மகீ, எல்லோரையும் அதட்டியே மீதியை இழுத்துச் செல்கிறார். மனிதர் வணக்கம் சொன்னால்கூட மிரட்டல்தான்!

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மங்கலான பிரதிகளில், பின்னால் வரும் குளத்துக் காட்சி வெறும் இருட்டு. கொப்போலா பின்னாளில் சீரமைத்து வெளியிட்ட பதிப்பைத் தேடிப் பாருங்கள்.