மன்னார் முத்தென்று நம்பிய மாலை: யாழ்ப்பாணத்தில் பெறுமதி கேட்டு அலைந்த கதை

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஊருக்குப் போனபோது அம்மம்மாவின் முத்துமாலையையும் கைப்பையில் எடுத்துச் சென்றேன். சுவிஸில் வீட்டுப் பொருள்களுக்கான காப்புறுதியைப் புதுப்பிக்கையில் நகைகளின் பெறுமதியை எழுத்தில் கேட்டிருந்தார்கள். "அது மன்னார்ச் சிலாவத்துறை முத்து, ஊரிலை காட்டினால் உடனை சொல்லிப்போடுவினம்" என்று அம்மா உறுதியாகச் சொன்னார். 81 முத்துகள், நடுவில் ஏழு மில்லிமீற்றர் அளவில் தொடங்கி இரு முனைகளிலும் மூன்று மில்லிமீற்றராகச் சிறுத்துக்கொண்டு போகும் ஒற்றைச் சரம்.

கஸ்தூரியார் வீதியில் தங்கத்துக்குக் கிடைக்கும் சேவையைக் குறைசொல்ல முடியாது. என் சங்கிலியை நிறுத்து, மாற்றுப் பார்த்து, அன்றைய பவுண் விலையில் கணக்கிட்டுத் துண்டில் எழுதித் தரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மாலையை நீட்டியதும் முகங்கள் மாறின. முதற்கடையில் கொளுக்கியை மட்டும் உரசிப் பார்த்து, "இது வெள்ளி அக்கா, முத்துக்கு நாங்கள் விலை போடுறேல்லை" என்றார்கள். அதை நேர்மையான பதிலாகவே எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடையில்தான் வினை நேர்ந்தது. இலவசமாகக் கழுவித் தருவதாகச் சொன்ன ஒரு பொடியன், நான் மாமாவோடு கதைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நகை துலக்கும் திராவகத்தில் கொளுக்கிப் பக்கத்தைத் தோய்த்துவிட்டான். முத்தும் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த பொருள்தான். தேசிக்காய்ப்புளி பட்டாலே அதன் மேற்படலம் அரிக்கப்படும். மீட்டெடுத்தபோது முனையிலிருந்த ஏழு முத்துகள் மினுக்கம் இழந்து சாக்கட்டிபோல வெளிறியிருந்தன. "பழைய முத்தெண்டால் அப்பிடித்தான்" என்று முதலாளி சொன்னதை இன்றும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவதாக மாமா என்னைக் கன்னாதிட்டிப் பக்கம், கடைப் பலகை ஏதும் இல்லாத ஒரு பட்டறைக்கு அழைத்துப் போனார். எழுபதைத் தாண்டிய பத்தர் ஒருவர், இப்போது பெரும்பாலும் மாலை கோர்க்கும் வேலை மட்டும் செய்பவர், முதலில் ஒரு முத்தை முன்பல்லில் மெல்ல உரசினார். நறநறவென்றது, கண்ணாடி மணிக்கு மீன்செதிற் பூச்சுப் பூசிய போலியாயின் வழுக்கியிருக்கும் என்றார். அதனால் போலியல்ல என்பது மட்டுமே தெரியும், சிப்பிக்குள் மணி வைத்து மனிதர் வளர்த்த முத்தும் நறநறக்கும் என்பதையும் அவரே சொன்னார்.

பிறகு என்னிடம் கேட்டுவிட்டே நூலை அறுத்தார். அளவு வரிசை குலையாமல் முத்துகளைத் தவாளிப்புள்ள பலகையில் ஒவ்வொன்றாக இறக்கினார். நடுமுத்தைக் குறட்டில் பிடித்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்து, துளைக்குள் பார்க்கும்படி பூதக்கண்ணாடியைத் தந்தார். துளையின் வாயிலிருந்து சற்று உள்ளே, வட்டமாக, மயிரிழைபோல ஒரு கரிய கோடு. கோட்டுக்கு வெளியே இருப்பது சிப்பி சுரந்த படலம். உள்ளே இருப்பது மனிதர் வைத்த மணி. "வளர்த்த முத்து, பிள்ளை. ஆனால் படலம் நல்ல தடிப்பு" என்றார்.

ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் அரைக்கோள முத்தை வளர்த்தெடுத்தார். 1920களில் முழு உருண்டை முத்துகள் உலகச் சந்தைக்கு வந்து, இயற்கை முத்தின் விலையைச் சரித்தன. அவற்றின் நடுவில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க ஆற்றுச் சிப்பியின் ஓட்டை உருட்டிச் செய்த மணிதான். மன்னார்க் குடாவின் முத்துக்குளிப்போ 1906இல் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போயிற்று. அம்மப்பா மலாயாப் புகையிரத வேலையிலிருந்து பென்சனோடு திரும்பியது 1957இல். கொளுக்கியின் உட்புறத்தில் ஆங்கிலத்தில் 'சில்வர்' என்று பொறித்திருந்ததை நாங்கள் யாரும் அதுவரை பொருட்படுத்தவில்லை. மன்னார் முத்தைக் கோர்த்த யாழ்ப்பாணத்துப் பத்தர் அதற்குப் பொன் கொளுக்கிதான் வைத்திருப்பார். அம்மப்பா சிங்கப்பூரில் வாங்கிய ஜப்பான் மாலையாகத்தான் இது இருக்க வேண்டும்.

அதனால் பெறுமதியும் தரையிறங்கியது. இயற்கை முத்தாயின் எக்ஸ்கதிர்ப் பரிசோதனைச் சான்றிதழ் இல்லாமல் விற்கவே கூடாது. பாசலில் அதற்கென்றே ஆய்வுகூடம் இருக்கிறது. வளர்த்த முத்தின் சிறு சரத்துக்கோ பரிசோதனைக் கட்டணமே மாலையின் விலையைத் தின்றுவிடும். பத்தர் விலை சொல்ல மறுத்துவிட்டார். எனினும் அளவு, வட்டம், மினுக்கம், படலத் தடிப்பு, நிற ஒற்றுமை, கீறல் என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பற்றுச்சீட்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். பேர்னில் ஒரு நகை மதிப்பீட்டாளர் அந்தக் குறிப்போடு மாலையையும் பார்த்தே கடிதம் தந்தார். அவர் எழுதியது அதே தரத்தில் இன்று புதிதாக வாங்கினால் ஆகும் விலை. விற்கப் போனால் அதில் சிறு பங்குதான் கிடைக்கும் என்று வாயால் சொன்னார். காப்புறுதிக்குக் கடிதத்திலுள்ள விலை போதும்.

பட்டுநூலில், முத்துக்கு முத்து முடிச்சுப் போட்டு, இரண்டு நாளில் மாலை கைக்கு வந்தது. கூலி 2500 ரூபாய்.

அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். ஜப்பான் என்றதற்கு ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஏழு முத்தையும் மாத்தினியோ?" என்று மட்டும் கேட்டார். மாற்றவில்லை, அவை பிடரியில், கொண்டைக்குக் கீழேதான் வரும், இருக்கட்டும் என்று பத்தர் ஐயாவே சொல்லியிருந்தார்.