விடுதியா, ஆலோசனை மேசையா, விசாரணை அறையா: மாணவர் நலத்துறைப் பயிற்சிப் பணியில் எதைத் தேர்வது?

அமெரிக்காவில் உயர்கல்வி, மாணவர் நலம் என்னும் துறையில் முதுநிலைப் பட்டம் படிப்பவர், முதலாண்டு முடியும் முன்பே ஒரு தேர்வைச் செய்தாக வேண்டியிருக்கிறது. வகுப்பில் படிக்கும் மாணவர் வளர்ச்சிக் கோட்பாடுகளோடு நின்றுவிடாமல், பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையின் கீழ்ப் பயிற்சிப் பணி, அதாவது இன்டர்ன்ஷிப், செய்ய வேண்டும். இத்துறைக்குத் தரநிலைகளை வகுக்கும் சிஏஎஸ் என்னும் அமைப்பு, குறைந்தது 300 மணி நேரப் பயிற்சியையும், அது ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு பணிகளிலாவது அமைவதையும் கேட்கிறது. சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 150 மணி. 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 10 மணி. கணக்கில் இது சிறிதுதான். ஆனால் முதல் வேலைக்கான நேர்காணலில் எடுத்துச் சொல்லக் கையில் இருப்பவற்றில் பெரும்பங்கு அந்த மணிகளில் கிடைத்ததாகவே இருக்கும்.

அலுவலகங்களை ஒப்பிடும்போது பலரும் பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் வேறொன்றைப் பார்க்கச் சொல்வேன்: மாணவர் எந்த நிலையில் அந்த அலுவலகத்தின் கதவைத் தட்டுகிறார்? மாணவரை மதிப்பெண்ணாக மட்டும் பாராமல் முழு மனிதராகப் பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்விக் கவுன்சில் 1937இல் வெளியிட்ட அறிக்கை வலியுறுத்தியது. துறையின் அடித்தளமாக இன்றும் அதையே காட்டுகிறார்கள். நடைமுறையில் எந்த அலுவலகமும் முழு மனிதரைப் பார்ப்பதில்லை. விடுதி அவரை இரவில் பார்க்கிறது. ஆலோசனை மேசை பகலில் அரை மணி நேரம் பார்க்கிறது. ஒழுங்கு நடவடிக்கை அலுவலகம் எல்லாம் நடந்து முடிந்த பிறகு பார்க்கிறது.

விடுதிப் பணியின் சிறப்பு அதன் அவசரத்தில் இருக்கிறது. பருவ நாள்களில் முறைவைத்து இரவுப் பொறுப்பேற்கும் பயிற்சியாளரின் கைபேசி நள்ளிரவுக்குப் பின்னும் ஒலிக்கும்: அறைத் தோழர்களின் சண்டை, தீ எச்சரிக்கை மணி, அளவுக்கு மீறிக் குடித்து மயங்கியவர், தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வாரோ என்று நண்பர்கள் அஞ்சும் ஒருவர். இதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1986இல் லீஹை பல்கலைக்கழக விடுதி அறையில் ஜீன் கிளெரி என்ற மாணவி கொல்லப்பட்டதைத் தொடர்ந்து 1990இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், விடுதிப் பணியாளர்கள் பொதுவாகத் தங்கள் காதுக்கு வரும் குற்றங்களை நிர்வாகத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். ஆகவே “யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்” என்று ஒரு மாணவர் பேச்சைத் தொடங்கும்போதே, அந்த வாக்கைத் தன்னால் தர இயலாது என்று பயிற்சியாளர் சொல்லிவிட வேண்டும். விதியை வகுப்பில் படித்துவிடலாம். அதைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் எப்படி மூடிக்கொள்கிறது என்பதைக் கண்ட பிறகுதான், சொல்லும் முறை பிடிபடும்.

ஆனால் இவையெல்லாம் பருவம் நடக்கும்போது. கல்லூரி விடுதி அலுவலர்களின் பன்னாட்டுச் சங்கம் நெடுங்காலமாக ஒருங்கிணைத்துவரும் கோடைக்காலப் பயிற்சிப் பணிகளுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: கோடையில் பெரும்பாலான மாணவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுடைய அறைகளில் விளையாட்டு முகாம்களுக்கும் மாநாடுகளுக்கும் வந்தவர்கள் தங்குகிறார்கள். விடுதி ஏறக்குறைய ஓட்டலாகிவிடுகிறது. நான் பயிற்சி செய்த கோடையில் ஜூலை மாதத்து ஒரு வாரம் முழுவதையும் இரும்புச் சாவிப்பெட்டியின் முன் கழித்தேன். ஒரு முகாம் வெளியேறி அடுத்தது நுழையும் சில மணி நேர இடைவெளியில், வளையம் வளையமாகச் சாவிகளை எண்ணி, அறை எண்ணோடு ஒப்பிட்டு, குறைந்தால் பூட்டு மாற்றச் சொல்லி எழுத வேண்டும். மாணவர் வளர்ச்சிக் கோட்பாட்டுக்கு அங்கே இடமே இல்லை. எனினும் அதை வீண் என்று சொல்ல மாட்டேன். விடுதித் துறை பெரும்பாலும் தன் வருவாயிலேயே தன் செலவைச் சமாளிக்கும் அமைப்பு என்பதையும், காலியாகக் கிடக்கும் ஒரு படுக்கை யாருடைய வரவுசெலவுத் திட்டத்தில் துண்டு விழச் செய்கிறது என்பதையும் அந்தச் சாவிகள்தான் எனக்குப் புரியவைத்தன. மாணவரோடு பழகவே விடுதிப் பணியைத் தேடுபவர் கோடையைத் தவிர்த்துவிட்டு, இலையுதிர்ப் பருவத்தில் அதைச் செய்வது நல்லது.

கல்வி ஆலோசனை அலுவலகம் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும். எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை, பட்டத்துக்கு இன்னும் எத்தனை அலகுகள் மீதம், எந்தத் தேதிக்குள் பாடத்தைக் கைவிடலாம் என்பவையே அதன் அன்றாடம். ஆனால் பாடப் பட்டியலைச் சொல்லிக்கொடுத்து அனுப்புவது ஒன்று, மாணவரோடு சேர்ந்து சிந்திப்பது வேறொன்று என்று பர்ன்ஸ் குரூக்ஸ்டன் என்னும் கல்வியாளர் 1972இலேயே பிரித்துக்காட்டினார். அந்த வேறுபாடு நாள்தோறும் பலமுறை சோதனைக்கு உள்ளாகும் இடம் இந்த மேசை. வேதியியலைக் கைவிட வேண்டும் என்று வரும் மாணவருக்குப் படிவத்தைக் கொடுத்து நான்கு நிமிடங்களில் அனுப்பிவிடலாம். கணினித் திரையை அவர் பக்கம் திருப்பி, இதை விட்டால் அடுத்த பருவத்தில் என்னென்ன தள்ளிப்போகும் என்று சேர்ந்து பார்க்கத் தொடங்கினால், சந்திப்பு முடியும் தறுவாயில், மருத்துவம் தன் விருப்பமே அல்ல என்று அவர் வாய் திறப்பார். விடுதியில் நெருக்கடி தானாக வந்து கதவை இடிக்கும். இங்கே அது படிவத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிக்கும் திறனே அரிது என்பது என் கருத்து. ஆகவே இவ்விரண்டில் ஒன்றை மட்டுமே செய்ய வாய்ப்புள்ளவர் ஆலோசனை மேசையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆலோசனைப் பணியின் மறுபக்கம் தொலைபேசியில் வரும். மகளின் மதிப்பெண்ணைக் கேட்டு ஒரு தாய் அழைப்பார்; கட்டணம் கட்டுவது அவர்தான், குரலில் பதற்றமும் உண்மையானதுதான். எனினும் ஃபெர்பா என்று சுருக்கமாக அழைக்கப்படும் 1974ஆம் ஆண்டுச் சட்டம், கல்லூரியில் சேர்ந்த மாணவரின் பதிவேடுகள்மீதான உரிமையை அந்த மாணவருக்கே தருகிறது; சில விலக்குகள் உண்டென்றாலும், மாணவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தானாகவே முடிவெடுத்து மதிப்பெண்ணைச் சொல்லும் அதிகாரம் பயிற்சியாளருக்கு இல்லை. பொதுவான விதிகளை விளக்கலாம், மகளோடு பேசும் வழியைக் காட்டலாம். அதற்கு மேல் இல்லை.

ஒழுங்கு நடவடிக்கை அலுவலகத்தை மாணவர்கள் மட்டுமல்ல, பயிற்சி தேடுபவர்களும் தவிர்க்கிறார்கள், இது தவறு. 1960இல் அலபாமா மாநிலக் கல்லூரி, இனப் பாகுபாட்டை எதிர்த்து உணவகத்தில் அமர்ந்து போராடிய கறுப்பின மாணவர்களை விசாரணையின்றி வெளியேற்றியது. அவர்கள் தொடுத்த டிக்சன் வழக்கில் 1961இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒன்று மாணவரை வெளியேற்றும் முன் குற்றச்சாட்டைத் தெரிவித்து, தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்பும் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. இன்று பயிற்சியாளர் தட்டச்சு செய்யும் ஒவ்வோர் அழைப்புக் கடிதத்துக்குப் பின்னாலும் அந்தத் தீர்ப்பு இருக்கிறது. துல்லியமாக எழுதப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. குறை என்னவென்றால், பயிற்சியாளரைப் பல இடங்களில் பார்வையாளராகவே ஓரத்தில் அமர்த்திவிடுவார்கள்.

புதிய மாணவர் அறிமுக முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மகிழ்ச்சியான வேலை, நல்ல நட்புகள் கிடைக்கும், நிகழ்ச்சி நடத்தும் திறன் வளரும். ஆனால் அங்கே சந்திக்கும் மாணவரை ஓரிரு நாள்களுக்குப் பின் மறுபடி பார்ப்பதே அரிது என்பதால், 300 மணி நேரத்தில் பாதியை அதற்குக் கொடுக்க நான் தயங்குவேன்.

வெளிநாட்டு மாணவர்களுக்கான எஃப்-1 விசாவில் படிப்பவர் இந்த ஒப்பீட்டில் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ள வேண்டும். பருவ காலத்தில் சொந்த வளாகத்தில் வேலை செய்ய வாரத்துக்கு 20 மணி நேரமே உச்சவரம்பு. கட்டண விலக்கோடு வரும் பட்டதாரி உதவியாளர் பணியே பெரும்பாலும் அதை நிரப்பிவிடும். வேறு பல்கலைக்கழகத்தில் ஊதியத்தோடு பயிற்சி செய்வதென்றால், பணி தொடங்கும் முன்பே சிபிடி அனுமதி, அதாவது படிப்பின் பகுதியாக வேலை செய்வதற்கான அனுமதி, பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்னும் மாணவர் தகுதிப் படிவத்தில் பதிவாகியிருக்க வேண்டும். முழுநேர சிபிடியை 12 மாதம் பயன்படுத்திவிட்டால், அதே பட்டநிலைக்குரிய ஓபிடி, அதாவது பெரும்பாலும் பட்டம் பெற்ற பின் துறைசார்ந்த வேலை செய்யப் பயன்படும் அனுமதி, கைவிட்டுப் போகும். உயர்கல்வி நிர்வாகப் பட்டங்கள் பொதுவாக அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இடம்பெறாததால், ஓபிடிக்கு அந்தப் பட்டியலில் உள்ளவர்கள் பெறும் 24 மாத நீட்டிப்பையும் நம்பியிருக்க முடியாது; கிடைப்பது 12 மாதம்தான்.

உதவியாளர் பணி ஏற்கெனவே விடுதியில் கிடைத்திருந்தால், பயிற்சிப் பணியையும் அங்கேயே எடுப்பது வசதி. எடுக்க வேண்டாம் என்பதே என் முடிவு. இரவில் மட்டுமே மாணவரைப் பார்த்துப் பழகியவருக்கு ஒவ்வொரு மாணவரும் ஒரு சம்பவ அறிக்கையாகத் தெரியத் தொடங்கிவிடுவார். அவர் ஆலோசனை மேசைக்குச் செல்லட்டும். ஆலோசனையில் உதவியாளராக இருப்பவர் விடுதிக்கோ விசாரணை அறைக்கோ செல்லட்டும்.

இறுதி இரண்டு வாய்ப்புகளுக்கிடையே தடுமாறியபோது, இரண்டு மேற்பார்வையாளர்களிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: சென்ற ஆண்டுப் பயிற்சியாளர் தானாக எடுத்த ஒரு முடிவு என்ன? ஒருவர் எனக்கு ஒதுக்கப்படும் இருக்கையையும் வாகன நிறுத்த அனுமதியையும் பற்றி விரிவாகப் பேசினார். மற்றவர், தகுதிகாண் நிலையில் இருந்த மாணவர்களுக்கு அனுப்பும் கடிதத்தின் முதல் பத்தியைச் சென்ற ஆண்டுப் பயிற்சியாளர் திருத்தி எழுதியதாகவும், அலுவலகம் இன்னும் அதையே அனுப்புவதாகவும் சொல்லி, அந்தக் கடிதத்தை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார்.