எண்ணெய் ஒன்று, கணக்கு இரண்டு: நார்வேயும் சவுதியும்

ஏற்றுமதி கொழித்தால் கஜானாவும் நிரம்பும் என்பது பொது நம்பிக்கை. எண்ணெய் நாடுகளில் இது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் எது எதை இழுக்கிறது என்பதில்தான் நார்வேயும் சவுதி அரேபியாவும் பிரிகின்றன.

சவுதியில் எண்ணெய்ப் பணம் அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோ வழியாக அரசுக்கு வந்து, சம்பளம், மானியம், கட்டுமானம் என்று இறங்குகிறது. கார், இயந்திரம், அரிசி எல்லாம் வெளியிலிருந்து வருவதால், செலவான ரியாலில் பெரும்பங்கு இறக்குமதிக்கே போய்விடும். பட்ஜெட் பெருத்தால் வர்த்தக உபரி இளைக்கும். 2014 நடுவில் 100 டாலரைத் தாண்டியிருந்த பீப்பாய், 2016 ஜனவரியில் 30க்கும் கீழே வந்தது. இடையில், 2015இல், பட்ஜெட்டில் சுமார் 367 பில்லியன் ரியால் துண்டு விழுந்தது. அதே ஆண்டு நடப்புக் கணக்கும் (வர்த்தகம், வருமானம் என்று நாட்டுக்குள் வரும் பணத்துக்கும் வெளியே போகும் பணத்துக்குமான கணக்கு) பற்றாக்குறைக்குப் போனது. டாலருக்கு 3.75 ரியால் என்று 1986 முதல் கட்டிவைத்திருப்பதால், நாணயம் சரிந்து அடியைத் தாங்க வழியில்லை. செலாவணிக் கையிருப்பு கரைந்தது. 2018இல் 5 சதவீத வாட் வரி வந்தது. 2020இல் அது 15 ஆனது.

நார்வே அரசும் எண்ணெய் லாபத்தில் 78 சதவீதத்தை வரியாக எடுக்கிறது. ஆனால் அந்தப் பணம் நேரே செலவுக்குப் போகாது. 1990இல் சட்டம் போட்டு, 1996இல் முதல் தொகை செலுத்திய நிதியத்துக்குப் போகும். நிதியம் வெளிநாட்டில் மட்டுமே முதலீடு செய்யும். ஆக வர்த்தக உபரியும் அரசின் உபரியும் பெருமளவு ஒரே பணம், இரண்டு பேரேடுகளில். பட்ஜெட்டுக்கு எடுக்கும் அளவு சராசரியாக நிதியத்தில் 4 சதவீதம் என்று 2001இல் வகுத்தார்கள்; 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். 2015 சரிவில் நார்வே நாணயமான குரோன் மலிந்து அடியைப் பங்கிட்டுக்கொண்டது. நடப்புக் கணக்கு உபரியிலேயே நின்றது.

நார்வேயின் இந்த வழியை எல்லோருக்கும் மாதிரியாக நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1969இல் எண்ணெய் கிடைத்தபோதே நார்வேயில் வரி கட்டும் குடிமக்களும் கேள்வி கேட்கும் நாடாளுமன்றமும் இருந்தன. சவுதிக் குடிமக்களின் சம்பளத்துக்கு இன்றும் வருமான வரி கிடையாது.

(ஆஸ்திரேலியாவில் ஏற்றுமதிக்கும் கஜானாவுக்குமான பிணைப்பே தளர்வு. இரும்புத்தாது தனியார் கையில், ராயல்டி மாநிலங்களுக்கு. 2020இல் நடப்புக் கணக்கு உபரியில் இருந்தபடியே மத்திய பட்ஜெட் பள்ளத்தில் விழுந்தது.)

சவுதியிலும் 2023இல் நடப்புக் கணக்கு உபரி, பட்ஜெட்டோ பற்றாக்குறை. 2024இல் நடப்புக் கணக்கும் வழுக்கியது. எண்ணெயை நம்பியிருப்பதைக் குறைக்கும் விஷன் 2030 திட்டங்களுக்கான செலவில் கணிசமான பகுதி, அரசுக்குச் சொந்தமான பொது முதலீட்டு நிதியம் வழியே போவதால் பட்ஜெட்டில் தெரியாது. அதற்காக வரும் இறக்குமதி மட்டும் வர்த்தகக் கணக்கில் தெரியும்.