மடக்குக் கத்தியும் உறைக்கத்தியும்: நான்கு பலாப் பருவங்களுக்குப் பிறகு

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன் நேற்று ஒரு படம் அனுப்பினான். நான்கு வருடங்களுக்கு முன் நான் 3,800 ரூபாய் கொடுத்து வாங்கிய அதே மடக்குக் கத்தி, இப்போது 2,700. "மாமா, இதை வாங்கலாமா? இல்லை, உங்களிடம் இருக்கும் கொல்லர் கத்தி மாதிரி ஒன்று அடித்துத் தரச் சொல்கிறீர்களா?" என்று கேட்டிருந்தான். உடனே பதில் எழுதக் கை வரவில்லை. அந்த நேரத்தில் என் மடக்குக் கத்தி துண்டு துண்டாகப் பழைய செய்தித்தாளின் மேல் கிடந்தது.

எல்லாம் பலாப்பால் செய்த வேலை. பண்ருட்டிப் பக்கம் தோப்பு வைத்திருப்பவனுக்குக் கத்தி இல்லாமல் ஒரு நாள் ஓடாது. உரமூட்டையின் தையலைப் பிரிக்க, சொட்டுநீர்க் குழாயை நறுக்க, கயிறு அறுக்க என்று மடக்குக் கத்தியை நான் குறை சொன்னதே இல்லை. சித்திரையில் பழம் வெட்டத் தொடங்கியதும்தான் வில்லங்கம். பால் அலகோடு நிற்பதில்லை. மடக்கும்போது பிடிக்குள் போய், அலகு சுழலும் ஆணியைச் சுற்றியுள்ள வெண்கல வளையத்தில் தங்கிவிடுகிறது. அதில் தூசியும் கயிற்று நாரும் சேர்ந்தால் பத்தே நாளில் கெட்டிக் கோந்து. கட்டைவிரலால் தள்ளினாலே திறந்த கத்தி, பிறகு இரண்டு கையையும் கேட்கும்.

அதுகூடப் பரவாயில்லை. அலகின் அடிப்பகுதிக்கு முட்டுக்கொடுக்க வேண்டிய பூட்டுத் தகடு பாதி வழியில் நின்றுவிடும். பூட்டிக்கொண்டது என்று நம்பி அழுத்தினால் அலகு விரல் மேல் மடங்கும். இரண்டாம் வருடம் ஆள்காட்டி விரலில் இரண்டு தையல்.

தேங்காய் எண்ணெய் கையில் ஒட்டிய பாலுக்குச் சரி. ஆணிக்குள் இறுகியதற்கு மண்ணெண்ணெய்தான், அதற்குக் கழற்றியாக வேண்டும். கழற்றலாம் என்று பார்த்தால் திருகுகளின் தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி. அதற்கேற்ற திருப்புளி கடைவீதியில் எந்தக் கடையிலும் இல்லை. கடைசியில் மொபைல் பழுது பார்க்கும் பையனிடம் கிடைத்தது. அவனுடைய சின்னத் திருப்புளி பிடியின் திருகுகளுக்குப் பொருந்தியது. ஆணித் திருகு அதைவிடப் பெரியது, அதற்கு அவன் தன் பெட்டியையே கவிழ்த்துத் தேடினான். திரும்ப மாட்டுவது இன்னொரு கூத்து. ஆணியைக் கொஞ்சம் கூடுதலாக முடுக்கினால் அலகு அசையாது. கொஞ்சம் தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே கால் சுற்றுகூட இல்லை.

இப்போது மற்றதை, ஊர்க் கொல்லர் அடித்துத் தந்த உறைக்கத்தியைப் பற்றிச் சொல்கிறேன். லாரிக் கமான் பட்டையில் அடித்தது, அலகு மூன்று அங்குலம், கூலி 350 ரூபாய். அலகிலிருந்து பிடியின் கடைசி வரை ஒரே இரும்பு. இரு பக்கமும் பூவரசங்கட்டை வைத்து ஆணி அடித்திருக்கிறார். பலாவை வெட்டியபின் எண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். ஆடுவதற்கும் சிக்குவதற்கும் அதில் ஒன்றுமே இல்லை. துருப்பிடிக்கும், மறுக்கவில்லை. மாங்காய் நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் மாலைக்குள் கறுத்துப்போகும். முதல் மழைக்காலம் முழுக்கத் தோல் உறைக்குள்ளேயே வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து அலகில் புள்ளி புள்ளியாகத் துரு ஏற்றியது. இப்போது வீட்டில் இருக்கும்போது கத்தி வேறு, உறை வேறு.

அதன் உண்மையான குறை இரும்பில் இல்லை, என் இடுப்பில் இருக்கிறது. வேட்டி கட்டுபவனுக்கு உறையை மாட்ட பெல்ட் ஏது? மடித்துக்கட்டிய வேட்டியில் செருகினால் குனியும்போது விலாவில் குத்துகிறது. கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டேன். "தாயத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டாய், கத்தியைக் கட்டிக்கொண்டு அலைகிறாய்" என்றார் அம்மா. மடக்குக் கத்தியோ சட்டைப் பையில் பேனா மாதிரி கிடக்கும்.

பேருந்தில் மடக்குக் கத்தியை எடுத்து ஆரஞ்சு உரித்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு சுளை கேட்பார். அதே அளவு அலகை உறையிலிருந்து உருவினால் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விடுவார். சட்டத்துக்கு இந்தப் பேதம் கிடையாது. 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் பார்ப்பது அளவை: ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலம் இருந்தால்தான் உரிமம் என்ற பேச்சு வருகிறது, அதிலும் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. விமான நிலையத்திலும் இரண்டுக்கும் ஒரே மரியாதைதான். கைப்பையில் எதையும் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். ஆனால் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் விதிகளைப் படித்துவிட்டு வருவதில்லையே.

இவ்வளவும் எழுதியபின், உறைக்கத்தி செய்துகொள் என்றுதான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவன் அட்டைப்பெட்டி பிரிப்பான், ஆப்பிள் நறுக்குவான், மின்சார ரயிலில் போய் வருவான். அங்கே ஏது பலாப்பால்? மடக்குக் கத்தியையே வாங்கு, மிச்சமாகும் காசில் நட்சத்திரத் திருப்புளி இரண்டு அளவிலும் வாங்கு, ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா என்று எழுதி அனுப்பிவிட்டேன். மொபைல் கடைப் பையனுடைய திருப்புளிகளை இன்று மாலைக்குள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.