வவுனியாவில் நண்டு சாப்பிடப் போகிறீர்களா? 26,950 ரூபா போன கதையை வாசித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். முந்தாநாள் இரவு வவுனியா நகரத்துக்குள் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக் கடையில் 26,950 ரூபா கட்டிவிட்டு வந்தோம். விலை கூட என்பதற்காக எழுதவில்லை. காட்டியது ஒரு நண்டு, மேசைக்கு வந்தது வேறு நண்டு. கடையின் பெயரைப் போடவில்லை. ஏ9 வீதியால் போய்வருகிற ஆட்கள் இறங்கிச் சாப்பிடுகிற மாதிரியான கடை, அவ்வளவுதான் சொல்வேன்.

தங்கச்சியின் பட்டமளிப்பு. பம்பைமடுப் பல்கலைக்கழக வளாகத்தில் நிகழ்ச்சி முடிந்து, அட்டனில் இருந்து வந்திருந்த மச்சானின் அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மாமாவுக்கு நண்டு என்றால் உயிர். மலைநாட்டில் நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? வந்த இடத்தில் மனிதன் ஆசைப்பட்டுக் கேட்டார், வாங்கிக் கொடுப்போம் என்று இருந்தோம்.

பரிமாற நின்ற பெடியன் சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு மரியாதை. "ஐயா, நீங்களே பாத்துச் சொல்லுங்கோ" என்று ஒரு பேசனில் இரண்டு நண்டைக் கொண்டுவந்து மாமாவுக்கு முன்னால் வைத்தான். இரண்டும் களப்பு நண்டு. சணல் கயிற்றால் கால் கட்டி, ஓடு கரும்பச்சையாக, கவ்வுகால் கைமொத்தத்தில். வாயில் நுரை தள்ளிக்கொண்டிருந்தது, நல்ல உயிர். "விடிய நந்திக்கடலில இருந்து வந்தது அண்ணை. ரெண்டும் சேத்து ஒண்டரைக் கிலோ வரும், கிலோ 7,000" என்றான். நான் முல்லைத்தீவுக்காரன். எங்கட ஊர்க் களப்பான நந்திக்கடலின் பெயரைக் கேட்டதும் மறுபேச்சுப் பேசவில்லை. மாமா கைத்தொலைபேசியில் படமும் எடுத்தார்.

முக்கால் மணித்தியாலத்துக்குப் பிறகு சட்டி வந்தது. குழம்பு தடிப்பாக, முருங்கை இலை தூவி, வாசம் நல்ல வாசம்தான். நான் ஒரு காலை எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். நீளமாய், ஒல்லியாய், வரி வரியாய் இருந்தது. களப்பு நண்டின் கவ்வுகால் உருண்டு மொத்தமாய் அழுத்தமாக இருக்கும். இது கடலில் வலையில் படுகிற நீலக்கால் நண்டு. அதுவும் உயிரோடு சட்டிக்குப் போனது இல்லை. உயிர் நண்டைச் சமைத்தால் சதை ஓட்டை விட்டு முழுசாகக் கழன்று வரும். இதில் சதை களி மாதிரிக் கரைந்து ஓட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் கொஞ்சம் சப்பிவிட்டு, "பரவாயில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

பில்லைப் பாருங்கள். நண்டு 2.4 கிலோ, 16,800. ஒன்றரைக் கிலோ எப்படி 2.4 ஆனது? இறால், கணவாய், சோறு எல்லாம் சேர்ந்து 7,700. அதுக்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் 2,450. மொத்தம் 26,950. நிறுத்ததை எங்களுக்குக் காட்டவே இல்லை.

காசாளரிடம் மாமா எடுத்த படத்தைக் காட்டினேன். "சமைச்சா நிறம் மாறும்தானே அண்ணை" என்றார். நிறம் மாறும், காலின் வடிவமும் மாறுமா? "முதலாளி கொழும்புக்குப் போட்டார்" என்று ஒரு இலக்கத்தைத் தந்தார். அடித்தால் மணி போகிறது, எடுக்க ஆளில்லை. நேற்று ஒருவாறு எடுத்தவர், "சாப்பிட்டு முடிச்சிட்டு இப்ப என்னத்தைக் கேக்கிறியள்? அடுத்தமுறை வாங்கோ, கழிச்சு விடுறம்" என்றார். அடுத்தமுறையா! படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தது, அதோடு என்னைத் தடைசெய்துவிட்டார்கள். இணையத்தில் குறையை எழுதினால், கீழே "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒரு வரி.

இதில் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். இணையத்தில் அந்தக் கடையைப் பற்றி நல்லதாக எழுதினவர்கள் பொய் எழுதவில்லை. என்னோடு வேலை செய்கிற ஒருவர் மத்தியானத்தில் அடிக்கடி அங்கே சோறும் மீன்குழம்பும் சாப்பிடுகிறவர், ஒரு குறையும் சொல்லமாட்டார். வந்த விமர்சனங்களை நேற்று இரவு இருந்து வாசித்தேன். புகழ்கிறவர்களில் அனேகம் பேர் மத்தியானச் சாப்பாட்டுக்காரர். திட்டுகிறவர்கள் நண்டு, சிங்கி இறால், முழுமீன் சொன்னவர்கள். விலை எழுதிப் போட்ட சாப்பாட்டில் கடைக்காரர் கைவைப்பதில்லை, நாளைக்கும் வருகிற ஊர் ஆள் சாப்பிடுவது அது. நிறுத்து விலை போடுகிற சாப்பாட்டில், திரும்பி வராத வழிப்போக்கரிடம்தான் விளையாட்டு. இதைப் பிடித்துக்கொண்டு வாசித்தால் அந்த நட்சத்திரங்கள் எல்லாம் விளங்கும்.

வவுனியாவுக்குக் கடல் இல்லை. மன்னாரில் இருந்தும் முல்லைத்தீவில் இருந்தும் வருகிறதுதான். நல்ல பெரிய களப்பு நண்டு சிங்கப்பூருக்குப் போய்விடுகிறது, மிச்சத்துக்குத்தான் இங்கே இந்த விலை. களப்பில் இரவிரவாய் நிற்கிற எங்கட ஆட்களுக்கு அந்த 16,800இல் என்ன போயிருக்கும் என்று நினைக்கவே வயிறு எரிகிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத இருந்தேன், இப்போது பொறுமை இல்லை. நண்டைக் கண்முன்னால், கயிறும் தண்ணீரும் இல்லாமல் நிறுக்கச் சொல்லுங்கள். நிறையையும் விலையையும் தாளில் எழுதி வாங்கிவிட்டு அடுப்புக்கு விடுங்கள். காட்டின நண்டைப் படம் எடுங்கள், சட்டி வந்ததும் முதலில் கவ்வுகாலைப் பாருங்கள், பிழை என்றால் வாய் வைக்காமல் திருப்பி அனுப்புங்கள். பில் கேட்டால் தரத்தான் வேண்டும், விடாதீர்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். பழுதான சாப்பாடு என்றால் அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். நான் பில்லையும் படங்களையும் எடுத்துவைத்திருக்கிறேன், 26,950 ரூபாவையும் விடுகிற எண்ணம் இல்லை. இதே மாதிரி அங்கே நண்டுக்குக் காசு கட்டினவர்கள் இருந்தால் பில்லை எறியாமல் எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்து முறையிடுவோம்.