பெரிய வீடும் சின்ன வீடும்: மிச்சிகனில் பன்னிரண்டு சீசன்

ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் (நம்மூர்க் கால்பந்து அல்ல) ஸ்டேடியத்துக்குச் செல்லப்பெயர் 'பிக் ஹவுஸ்', அதாவது பெரிய வீடு. அதற்குப் பக்கத்திலேயே, கார் நிறுத்துமிடத்தைத் தாண்டினால், கிரைஸ்லர் சென்டர் என்ற பாஸ்கெட்பால் அரங்கம். அதற்கு நம்மூர்ப் பையன்கள் வைத்திருக்கும் பெயரை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. என் மனைவியே சனிக்கிழமை காலையில் "இன்னிக்கு எந்த வீடு?" என்றுதான் கேட்பாள்.

2012-ல் முதுகலை படிக்க வந்தேன். மாணவர் டிக்கெட்டில் ஆரம்பித்து, வேலை கிடைத்ததும் இரண்டுக்கும் சீசன் டிக்கெட் எடுத்தேன். 2023-24 சீசன் முடிந்ததும் ஒன்றை விட்டுவிட்டேன். விட்டது ஃபுட்பாலை. அந்த வருடம்தான் ஃபுட்பால் அணி 15 ஆட்டத்தில் 15-ஐயும் வென்று, 2024 ஜனவரியில் வாஷிங்டனை 34-13 என்று தோற்கடித்து தேசிய சாம்பியன் ஆனது. பாஸ்கெட்பால் அணியோ அதே குளிர்காலத்தில் 8 வெற்றி, 24 தோல்வி. ஜெயித்ததை விட்டுவிட்டுத் தோற்றதைப் புதுப்பித்தவன் என்று ஆபீசில் இன்னமும் கிண்டல்.

முதலில் பெரிய வீட்டைப் பற்றி. 1927-ல் திறந்த ஸ்டேடியம், இருக்கைகள் 1,07,601. ஊரின் மக்கள்தொகையே சுமார் 1.2 லட்சம்தான். இருக்கை எண்ணிக்கையில் அந்தக் கடைசி ஒன்று, பழைய கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்காக ஒதுக்கிய இடம் என்று ஒரு கதை உண்டு. கிண்ணத்தின் பெரும்பகுதி தரைக்குக் கீழே இருப்பதால், வாசல் வழியாக நுழைந்ததும் காலுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு விரியும். முதல் தடவை அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் தோளில் தட்டி நகரச் சொன்னார். 2013 செப்டம்பர் 7, நோட்ரே டேமுக்கு எதிரான இரவு ஆட்டம். கூட்டம் 1,15,109, அன்றைய கல்லூரி ஃபுட்பால் சாதனை. அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன் நெஞ்சில் விழும். தேர்த் திருவிழாவில் வடம் பிடித்தவர்களுக்கு விளங்கும்.

திருவிழா என்றால் திருவிழாதான். காலை எட்டு மணிக்கே எதிரே உள்ள கோல்ஃப் மைதானத்தில் கார் டிக்கியைத் திறந்து அடுப்பு பற்றவைப்பார்கள். எங்கள் கூட்டத்தில் புளியோதரையும் உருளைக்கிழங்கு பொரியலும். பக்கத்துக் காரில் ஒரு பெரியவர் அதை ருசி பார்த்துவிட்டு வருடா வருடம் எங்களைத் தேடி வந்தார். இதெல்லாம் உண்மையான சந்தோஷம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஆட்டம்? அப்பாவுக்கு ஒருமுறை போனில் விளக்கினேன். "நாலு பந்து ஓவர் மாதிரி வெச்சுக்குங்கப்பா. அதுல பத்து கஜம் போயிட்டா மறுபடி நாலு பந்து." அப்பா யோசித்துவிட்டு, "சரி, அதுக்கு ஏன் ஒருத்தர் மேல ஒருத்தர் விழறாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஒரு முயற்சி ஐந்தாறு விநாடியில் முடியும். அடுத்ததற்கு 40 விநாடி கடிகாரம் ஓடும். நடுநடுவே டிவி விளம்பரத்துக்காக 22 பேரும் சும்மா நிற்பார்கள். 60 நிமிட ஆட்டம் மூன்றரை மணி நேரம் இழுக்கும். நவம்பரில் அலுமினிய பென்ச்சில் அந்த மூன்றரை மணி நேரம்! செப்டம்பரில் தாராளமாக இருந்த வரிசை, எல்லோரும் தடித்த கோட்டு போட்டதும் பாதியாகச் சுருங்கிவிடும்.

என் பெரிய ஆதங்கம் வேறு. பன்னிரண்டு வருடத்தில் முக்கியமான தருணம் எதையும் நான் சரியாகப் பார்த்ததில்லை. 2015 அக்டோபரில் இதே மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழகமான மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக 23-21 என்று முன்னிலை, மிச்சம் 10 விநாடி. பந்தை உதைத்துவிட்டால் முடிந்தது. முன்வரிசைக்காரர் அதற்குள் கையைத் தூக்கி ஆட ஆரம்பித்துவிட்டார். நான் பார்த்தது அவருடைய முதுகைத்தான். திடீரென்று லட்சம் பேரும் ஊமையானார்கள். பந்து கை நழுவி, எதிரணிக்காரன் அதை எடுத்துக்கொண்டு ஓடி, 27-23 என்று தோற்றுப்போனதை ராட்சதத் திரையில் மறு ஒளிபரப்பில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டு சோபாவில் இருந்திருந்தால் முதலிலேயே பார்த்திருப்பேன்.

அதே மிச்சிகன் ஸ்டேட்தான், 2013 மார்ச், கிரைஸ்லர் சென்டர். மாணவர் பகுதியில் ஆடுகளத்துக்குப் பக்கமாக நின்றிருந்தேன். முடியும் தறுவாயில் எங்கள் அணியின் டிரே பர்க் எதிரணி ஆட்டக்காரரின் பந்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பறித்தார், ஆளில்லாத பாதையில் ஓடினார், வளையத்தில் திணித்தார். 58-57. ஷூ தரையில் கிறீச்சிட்டது வரை கேட்டது. அரங்கில் மொத்தமே 12,707 இருக்கைகள். கூரை இருப்பதால் சத்தம் வெளியே போக வழியில்லை, சுற்றிச் சுற்றி வரும்.

இங்கே 40 நிமிட ஆட்டம் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். 30 விநாடிக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்பதால் கொட்டாவிக்கு இடமில்லை. புதன்கிழமை இரவு போய்விட்டு மறுநாள் காலை மீட்டிங்கில் உட்காரலாம். சீசனில் ஃபுட்பால் இங்கே ஏழோ எட்டோ ஆட்டம். இது பதினைந்துக்கு மேல். ஒன்றைத் தவறவிட்டாலும் வருத்தமில்லை.

அந்த 8-24 வருடத்தில்கூட எனக்குப் பிடித்தது ஒன்று இருந்தது. தோற்கும் அணியைக் கிட்டே இருந்து பார்த்தால் ஆட்டம் பிடிபடும். யார் தடுப்பாட்டத்தில் ஓர் அடி தாமதிக்கிறார், யார் பெஞ்சில் துண்டைக் கடித்துக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் முகத்திலேயே தெரிந்தது. அடுத்த சீசனில் டஸ்டி மே கோச்சாக வந்தார். டேனி வுல்ஃப், விளாடிஸ்லாவ் கோல்டின் என்று ஏழடி உயரத்தில் இரண்டு பேர். வழக்கமாகக் குட்டையான ஒருவர் பந்தைக் கொண்டுவருவார், நெட்டையானவர் மறைப்பு கொடுப்பார். இங்கே பந்தைத் தட்டி வருபவரும் ஏழடி! எதிரணியில் யார் யாரைப் பிடிப்பது என்று திகைப்பதைப் பத்து வரிசை தூரத்தில் பார்ப்பது தனி சுகம். 27 வெற்றி, 10 தோல்வி.

பெண்கள் அணியின் ஆட்டத்தையும் சொல்ல வேண்டும். டிக்கெட் மலிவு, இடம் தாராளம், எங்கள் பெண் படிக்கட்டில் ஏறி இறங்கினால் யாரும் முறைப்பதில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.

மறுவிற்பனைச் செயலிகளில் எச்சரிக்கையாக இருங்கள். ஒன்றில் (பெயர் வேண்டாம்) வாங்கிய டிக்கெட் ஸ்டேடியம் வாசலில் திறக்கவே இல்லை. லட்சம் பேர் ஒரே இடத்தில் போனைத் தடவினால் சிக்னல் எங்கே இருக்கும்? முதல் கால்பகுதி முழுக்க வாசலில் கழிந்தது. அதிலிருந்து வீட்டிலேயே போனில் இறக்கி வைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு 2021 நவம்பர் 27-ஐ மறைக்க முடியாது. நான் வந்த 2012-லிருந்து பரம எதிரியான ஓஹியோ ஸ்டேட்டை மிச்சிகன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தொடர்ந்து எட்டு தோல்வி. அன்று பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஹசன் ஹாஸ்கின்ஸ் ஐந்து டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கோட்டைத் தாண்டுவது), 42-27. கூட்டம் மைதானத்துக்குள் குதித்தது, நானும்தான். முன்பின் தெரியாத ஒருவர் கட்டிப்பிடித்து அழுதார். வீட்டுக்கு வந்து ஷூவைக் கவிழ்த்தால் பனித்தண்ணீரோடு செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர் மணிகள் கொட்டின. சின்ன வீட்டில் இப்படி ஒரு நாள் எனக்கு வாய்த்ததில்லை.

ஓஹியோ ஸ்டேட் இங்கே வருவது ஒற்றைப்படை வருடங்களில் மட்டும். அதற்கு மட்டும் ஒரு டிக்கெட் என்று வீட்டில் ஒப்பந்தம். அடுத்து வரும் ஆட்டத்துக்கு இன்னும் வாங்கவில்லை. விலை இறங்குமா என்று தினமும் ராத்திரி போனைத் திறந்து பார்த்துவிட்டுப் படுக்கிறேன்.